முன்பின் தெரியாதவர் யோசனை கேட்டால் எப்படிச் சொல்வது: முழுமையான வழிகாட்டி

ரயிலில் எதிர் சீட்டில் இருப்பவர், வங்கி வரிசையில் முன்னால் நிற்பவர், அரசு மருத்துவமனை வராந்தாவில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர், இப்படி யாராவது பேச்சுவாக்கில் ஒரு விஷயத்தைச் சொல்லிவிட்டு "நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்று கேட்பது நம் ஊரில் ரொம்ப சாதாரணம். கேட்கிற விஷயம்தான் சாதாரணமாக இருப்பதில்லை. மகளை எந்தக் காலேஜில் சேர்ப்பது, கூட வேலை பார்ப்பவன் லோனுக்கு ஜாமீன் போடலாமா, வீட்டு ஓனர் அட்வான்ஸைத் திருப்பித் தராமல் இழுக்கிறார் என்ன செய்வது, அண்ணன் தம்பிக்குள் பேச்சு நின்றுவிட்டது நானாகப் போய்ப் பேசட்டுமா.

ஏன் நம்மிடம் கேட்கிறார்கள்? சொந்தக்காரர்களிடம் கேட்டால் நாளைக்கே ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். சித்தப்பாவிடம் கேட்டால் அவருக்கு அதில் ஒரு கணக்கு இருக்கும். நண்பன் மனசு நோகக் கூடாது என்று பூசி மெழுகுவான். நம்மிடம் இந்தச் சிக்கல் எதுவும் கிடையாது, அதனால்தான் வாய் திறக்கிறார்கள். அப்படி நம்பிக் கேட்டவரிடம் "பார்த்துச் செய்யுங்க, எல்லாம் நல்லபடியா நடக்கும்" என்று சொல்லி அனுப்புவது அவரை வெறுங்கையோடு அனுப்புவதுதான். தெரிந்ததை மழுப்பாமல் சொல்ல வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. அதே சமயம் சொல்லிவிட்டு நாம் அடுத்த ஸ்டேஷனில் இறங்கிப் போய்விடுவோம், விளைவு முழுக்க அவர் தலையில்தான் விடியும். இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டு எப்படிச் சொல்வது என்று படிப்படியாகப் பார்க்கலாம்.

1. கேட்ட கேள்விக்குப் பின்னால் இருக்கும் கேள்வியைக் கண்டுபிடியுங்கள்

சின்ன உதாரணத்தில் ஆரம்பிக்கிறேன். சென்னையில் பையும் கையுமாக நிற்கும் ஒருவர் "கோயம்பேடு பஸ் ஸ்டாண்டுக்கு எந்த பஸ்?" என்று கேட்கிறார். நம்பரைச் சொல்லி ஏற்றிவிட்டால் கேட்டதற்குப் பதில் சொன்னதாகிவிடும். ஆனால் "எந்த ஊருக்குப் போறீங்க?" என்று ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள், "மதுரைக்கு" என்பார். 2023 டிசம்பர் கடைசியில் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்த பிறகு தென் மாவட்டப் பஸ்களைப் பிடிக்க அங்கேதான் போக வேண்டும். அவர் பழைய ஞாபகத்தில் கேட்டிருக்கிறார். அந்த ஒரு கேள்வியை நாம் கேட்காமல் விட்டிருந்தால், குழந்தையையும் மூட்டையையும் தூக்கிக்கொண்டு நகரத்தைக் குறுக்கே கடந்து போய், மறுபடி தெற்கே வந்திருப்பார்.

பெரிய விஷயங்களிலும் இதே கதைதான். "பெர்சனல் லோன் எந்த பேங்க்ல ஈஸியா கிடைக்கும்?" என்று கேட்பவருக்கு, ஏற்கெனவே இருக்கும் ஒரு கடனின் தவணை நெருக்கிக்கொண்டிருக்கலாம். "நல்ல ஹாஸ்டல் இருக்குற காலேஜ் எது?" என்று கேட்கும் அம்மாவுக்கு மகளை வெளியூர் அனுப்பவே பயமாக இருக்கலாம். "எதுக்காகக் கேக்குறீங்க?" என்று போலீஸ்காரர் மாதிரி கேட்க வேண்டாம். "என்ன விஷயம்னு கொஞ்சம் சொல்லுங்களேன்" என்றால் போதும், மீதியை அவரே சொல்வார்.

இன்னொன்று. சிலர் யோசனையே கேட்கவில்லை, மனசு ஆறச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். பேச்சு திரும்பத் திரும்ப ஒரே இடத்துக்கு வந்தால், நாம் ஏதாவது வழி சொன்னதும் "அதெல்லாம் சரிப்படாதுங்க" என்று தள்ளிவிட்டு மறுபடி நடந்ததையே சொல்ல ஆரம்பித்தால், அதுதான் அடையாளம். அப்போது யோசனையை நிறுத்திவிட்டுக் காது கொடுங்கள். அதுவே அவருக்குப் பெரிய உதவி.

2. மூன்று விவரம் தெரியாமல் வாயைத் திறக்காதீர்கள்

எவ்வளவு பணம், எப்போதைக்குள் முடிவெடுக்க வேண்டும், முடிவில் இன்னும் யாருக்குப் பங்கு இருக்கிறது. இந்த மூன்றும் தெரிந்தால் பாதி பதில் தானாகவே வந்துவிடும். இருபதாயிரம் ரூபாய் சீட்டுக்கும் ஐந்து லட்சம் ரூபாய் சீட்டுக்கும் ஒரே பதில் சொல்ல முடியாது. நாளைக்குக் கடைசித் தேதி என்பவரிடம் "நாலு இடம் விசாரிங்க" என்பது உதவாது. மனைவிக்குத் தெரியாமல் நகையை அடகு வைக்க நினைப்பவரிடம் வட்டி விகிதம் பேசுவதற்கு முன் பேச வேண்டியது வேறு.

கேட்கக் கூடாதவையும் உண்டு. "நீங்க என்ன ஆளுங்க?", "எந்தத் தெரு?", "குலதெய்வம் எங்க?" என்று சுற்றி வளைத்துச் சாதியைத் துழாவுவது நம் ஊரின் பழைய வியாதி. அது தெரிந்து நம் யோசனை ஒரு துளியும் மேம்படப் போவதில்லை, கேட்கப்பட்டவருக்கு மட்டும் மனசு சுருங்கிப் போகும். சம்பளத்தையும் நேராகக் கேட்காதீர்கள், "மாசம் இவ்வளவு தவணை கட்டுனா கையைக் கடிக்காதா?" என்று கேட்டால் வேண்டியது வந்துவிடும். கல்யாணம் ஆகி எத்தனை வருஷம், ஏன் குழந்தை இல்லை என்பதெல்லாம் அவராக எடுத்தால் ஒழிய நம் பேச்சில் வரவே கூடாது.

விவரம் கேட்பதால் என்ன லாபம் என்பதற்கு ஓர் உதாரணம். "பொண்ணு பிளஸ் டூ முடிச்சிட்டா, மேல படிக்க வைக்க வசதி இல்ல, வேலைக்கு அனுப்பிடலாமானு யோசிக்கிறோம்" என்று ஓர் அப்பா சொல்கிறார் என்று வையுங்கள். பெரும்பாலும் உடனே "பொண்ணைப் படிக்க வைங்க, படிப்பை நிறுத்தாதீங்க" என்று சொற்பொழிவு தொடங்கிவிடுவோம். அவருக்கும் தெரியும் அது. அதற்குப் பதிலாக "பாப்பா ஆறாவதுல இருந்து கவர்மென்ட் ஸ்கூலா?" என்று கேளுங்கள். ஆமாம் என்றால், 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில் கல்லூரியோ பாலிடெக்னிக்கோ ஐ.டி.ஐ.யோ படித்து முடிக்கும் வரை மாதம் 1,000 ரூபாய் அவள் கணக்குக்கே வரும். பையன்களுக்கும் 2024 ஆகஸ்டில் தமிழ்ப் புதல்வன் என்று அதே மாதிரி வந்தது. பொறியியல், மருத்துவம் என்றால் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது, அதில் இடம் கிடைத்தால் கட்டணத்தை அரசே ஏற்கிறது. இப்போது அந்த அப்பாவிடம் பேசுவதற்கு உங்கள் கையில் ஏதோ இருக்கிறது.

3. உங்களையே இரண்டு கேள்வி கேளுங்கள்

இது எனக்கு உண்மையிலேயே தெரியுமா? இதில் எனக்கு ஏதாவது ஆதாயம் இருக்கிறதா?

தெரியாததைத் தெரியாது என்று சொல்வதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை. வழி கேட்டவரிடம் தெரியாமலேயே "நேராப் போய் லெஃப்ட்ல திரும்புங்க" என்று கையை நீட்டும் பழக்கம் பலருக்கு உண்டு, அதை இன்றோடு விட்டுவிடலாம். "எனக்குத் தெரியலைங்க, அந்த ஆட்டோக்காரரைக் கேளுங்க" என்பது முழுமையான, நேர்மையான பதில்.

ஆதாயம் இருந்தால் முதல் வாக்கியத்திலேயே உடைத்துவிடுங்கள். "ஒரு நல்ல மெக்கானிக் இருக்கார், என் மச்சான்தான், சொந்தக்காரன்னு சொல்றேன்னு நினைக்காதீங்க, வேற ஒருத்தர்கிட்டயும் ரேட் கேட்டுட்டுப் போங்க." இப்படிச் சொன்னால் யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். இன்ஷூரன்ஸ் ஏஜென்டாக இருப்பவர் அதைச் சொல்லாமல் "இந்த பாலிசி எடுங்க" என்று அந்நியருக்கு யோசனை சொல்வது யோசனையே கிடையாது, அது வியாபாரம்.

4. முடிவை முதலில் சொல்லுங்கள், காரணத்தைப் பிறகு, கணக்கைக் கடைசியில்

இதுதான் இந்த வழிகாட்டியின் நடுப்பகுதி, கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

ஒரு காட்சி. ரயிலில் முப்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் கேட்கிறார்: "அண்ணே, கூட வேலை பாக்குறவன் பேங்க் லோனுக்கு என்னை ஜாமீன் கையெழுத்து போடச் சொல்றான். நல்ல பையன்தான். போடலாமா?"

"எவ்வளவு தம்பி?"

"மூணு லட்சம்."

"அவன் கட்டலைன்னா அந்தத் தவணையை மாசாமாசம் உங்களால கட்ட முடியுமா?"

"எப்படிண்ணே முடியும், எனக்கே வண்டி லோன் ஓடுது."

"அப்போ போடாதீங்க."

அவ்வளவுதான் முடிவு, நான்கு சொல்லைத் தாண்டவில்லை. இதற்குப் பிறகுதான் காரணம். இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872-இன் 128-வது பிரிவின்படி, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தால் ஒழிய, கடன் வாங்கியவருக்கு எவ்வளவு பொறுப்போ அதே பொறுப்பு ஜாமீன் போட்டவருக்கும் உண்டு. முதலில் அவனைத் துரத்திப் பார்த்துவிட்டு அப்புறம் வாருங்கள் என்று வங்கியிடம் சொல்ல முடியாது, நேராக ஜாமீன்தாரரிடமே வரலாம். அவனுடைய தவணை தவறினால் உங்கள் கிரெடிட் ஸ்கோரும் அடிபடும், நாளைக்கு உங்களுக்கு வீட்டுக் கடன் வேண்டும் என்று போகும்போது அது முன்னால் வந்து நிற்கும். "கையெழுத்துதானே கேக்குறான், காசா கேக்குறான்" என்று நினைத்துக்கொண்டிருப்பவரிடம், காசுதான் கேட்கிறான் என்று புரிய வைத்தால் போதும்.

இதோடு நிறுத்திவிட்டால் பாதி வேலைதான் முடிந்திருக்கும். ஏனென்றால் அந்தத் தம்பிக்குப் போடக் கூடாது என்று உள்ளுக்குள் முன்பே தெரியும், தினமும் முகத்தில் விழிக்கும் ஒருவனிடம் எப்படி முடியாது என்று சொல்வது என்பதுதான் அவருடைய பாரம். அதனால் சொல்ல வேண்டிய வாக்கியத்தையே எடுத்துக் கொடுங்கள்: "யாருக்கும் ஜாமீன் போடுறதில்லன்னு வீட்ல முடிவு பண்ணியிருக்கோம், தப்பா நினைச்சுக்காத." பொய் சொல்லக் கற்றுக்கொடுக்காதீர்கள், பொய்யைக் காப்பாற்ற அவர் நாளைக்கு இன்னொரு பொய் சொல்ல வேண்டியிருக்கும். இன்றைக்கு ராத்திரி மனைவியிடம் பேசி நிஜமாகவே அப்படி ஒரு முடிவு எடுத்துவிட்டு, நாளைக்குப் போய்ச் சொல்லச் சொல்லுங்கள்.

கணக்கு சொல்வதைப் பற்றி. அந்நியரிடம் பேசும்போது நம் அனுபவத்தைவிட ஒரு கூட்டல் கணக்கு நன்றாக வேலை செய்யும், ஏனென்றால் நம்மை நம்ப வேண்டிய அவசியமே இல்லாமல் அவரே போட்டுப் பார்த்துக்கொள்ளலாம். வண்டி ஷோரூமில் "வட்டி பத்து பர்சென்ட்தான்" என்கிறார்கள், எடுக்கலாமா என்று ஒருவர் கேட்கிறார். போனில் கால்குலேட்டரைத் திறக்கச் சொல்லுங்கள். கடன் ஒரு லட்சம், மூன்று வருடம். வருடத்துக்கு 10,000 வீதம் வட்டி 30,000. மொத்தம் 1,30,000, அதை 36-ஆல் வகுத்தால் மாதம் சுமார் 3,611 ரூபாய். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் மாதாமாதம் அசல் குறைந்துகொண்டே வருகிறது, வட்டி மட்டும் கடைசி மாதம் வரை முழு ஒரு லட்சத்துக்கும் போடப்பட்டிருக்கிறது. குறையும் அசலுக்குக் கணக்குப் போட்டால் இதே தவணை கிட்டத்தட்ட 18 சதவீத வட்டிக்குச் சமம். அவர் ஷோரூமில் கேட்க வேண்டியது ஒரே கேள்வி: "குறையும் அசலுக்கு எத்தனை பர்சென்ட்?" 2024 அக்டோபர் முதல், ரிசர்வ் வங்கி விதிப்படி தனிநபர்களுக்குத் தரும் இந்த மாதிரிக் கடன்களுக்கு முக்கிய விவரத் தாள் ஒன்று கொடுத்தாக வேண்டும், அதில் எல்லாச் செலவும் சேர்ந்த ஆண்டு வட்டி விகிதம் இருக்கும், அதுவும் வாங்குபவருக்குப் புரியும் மொழியில். "கே.எஃப்.எஸ். குடுங்க" என்று கேட்கச் சொல்லுங்கள், அந்தப் பெயரில்தான் அவர்களுக்குத் தெரியும்.

கைமாற்று வட்டியிலும் இதையே செய்யலாம். "மூணு வட்டிதான்" என்பார்கள். நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய், அதாவது வருடத்துக்கு 36 சதவீதம். பன்னிரண்டால் பெருக்கிக் காட்டியதும் பலருடைய முகம் மாறும். நாள் வட்டி, மீட்டர் வட்டி என்று யாராவது சொன்னால் தயங்காமல் "அந்தப் பக்கமே போகாதீங்க" என்று சொல்லுங்கள். 2003-இல் தமிழ்நாட்டில் கந்துவட்டித் தடைச் சட்டம் வந்தது, ஏற்கெனவே மாட்டிக்கொண்டவராக இருந்தால் அதன் கீழ் போலீஸில் புகார் கொடுக்கலாம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

சீட்டைப் பற்றிக் கேட்டால் நான் முதலில் கேட்பது பதிவு செய்த சீட்டா என்றுதான். 1982 சிட் ஃபண்ட்ஸ் சட்டப்படி முன் அனுமதி வாங்கிப் பதிவு செய்துதான் சீட்டு நடத்த வேண்டும். தெருவில் அக்கா நடத்தும் தீபாவளிச் சீட்டில் போடாதே என்று நான் ஒரேயடியாகச் சொல்ல மாட்டேன், ஊரில் பாதிப் பேர் அதில்தான் பாத்திரம் பண்டம் வாங்குகிறார்கள், ஆனால் போனால் போகட்டும் என்று விடக்கூடிய தொகையைத் தாண்டி அதில் போடாதீர்கள் என்று கண்டிப்பாகச் சொல்வேன்.

வாடகை வீடும் அடிக்கடி வரும் கேள்வி. பத்து மாத அட்வான்ஸ் கேட்கிறார்கள், கொடுக்கலாமா என்பார்கள். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி பேசிக்கொள்ளாத வரை முன்பணம் மூன்று மாத வாடகையைத் தாண்டக் கூடாது. அந்த "வேறு மாதிரி பேசிக்கொள்ளாத வரை" என்பதில்தான் எல்லாம் இருக்கிறது, கையெழுத்துப் போட்டுவிட்டால் பத்து மாதமும் செல்லும். ஆகவே போடுவதற்கு முன் பேரம் பேசச் சொல்லுங்கள். வீட்டுக்குள் குடியேறும் அன்றே சுவர், குழாய், சுவிட்ச் எல்லாவற்றையும் போனில் வீடியோ எடுத்து ஓனருக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பி வைக்கச் சொல்லுங்கள். காலி செய்யும்போது பெயின்டிங்குக்கு, ரிப்பேருக்கு என்று பிடிக்கும் சண்டையில் பாதி அங்கேயே தீர்ந்துவிடும்.

5. குடும்பச் சண்டை என்றால் வேகத்தைக் குறையுங்கள்

பணத்தில் பளிச்சென்று சொல்லலாம். உறவில் அப்படி முடியாது, ஏனென்றால் நமக்குக் கேட்பது ஒரு பக்கத்துக் கதைதான். மாமியாரைப் பற்றி மருமகள் சொல்வது அத்தனையும் உண்மையாக இருக்கலாம், அதே மாமியார் அடுத்த பெட்டியில் யாரிடமாவது சொல்லிக்கொண்டிருப்பதும் உண்மையாக இருக்கலாம். ஆகவே இல்லாத ஆளைப் பற்றித் தீர்ப்புச் சொல்லாதீர்கள். "அவங்க அப்படித்தான், திருந்த மாட்டாங்க" என்று சொல்ல நமக்கு அவர்களைத் தெரியாது. எதிரில் இருப்பவர் செய்யக்கூடிய ஒரு காரியத்தைப் பற்றி மட்டும் பேசுங்கள். தம்பியிடம் போய்ப் பேசட்டுமா என்று கேட்டால், "பேசுங்க, ஆனா சொத்துப் பேச்சை அன்னைக்கு எடுக்காதீங்க, அவர் பிள்ளைங்களைப் பாக்க வந்த மாதிரி போயிட்டு வாங்க" என்பது மாதிரி, நாளைக்கே செய்து பார்க்கக்கூடிய ஒன்று. பிரிந்துவிடு, சேர்ந்துவிடு, வேலையை விட்டுவிடு என்பதெல்லாம் அரை மணி நேரப் பழக்கத்தில் சொல்லும் விஷயங்கள் கிடையாது.

ஆனால் இதற்கு ஒரு விதிவிலக்கு இருக்கிறது, அதில் நான் கொஞ்சமும் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஒரு பெண் "அவர் கோவம் வந்தா கை நீட்டுவார்" என்று சொன்னால், அந்த இடத்தில் "கொஞ்சம் அனுசரிச்சுப் போம்மா, பிள்ளைங்க இருக்கு" என்று சொல்லவே கூடாது. எத்தனை பேர் சொல்லி, எத்தனை வருஷம் அனுசரித்து, கடைசியில் நம்மிடம் வந்து சொல்கிறாரோ. "அடிக்கிறது தப்பு, அதுக்கு நீங்க காரணம் இல்ல" என்று முதலில் சொல்லுங்கள். 2005-இல் வந்த குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தில் பாதுகாப்பு உத்தரவும், அதே வீட்டில் தொடர்ந்து இருக்கும் உரிமையும் கேட்டு வாங்க முடியும். 181 பெண்கள் உதவி எண், எந்நேரமும் எடுப்பார்கள். அந்த எண்ணை அவர் போனில் "பார்லர் அக்கா" மாதிரி வேறு ஏதாவது பெயரில் பதிந்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள், போனைக் கணவர் எடுத்துப் பார்க்கும் வீடுகள் நிறைய. உடனே கிளம்பு என்று மட்டும் உசுப்பிவிடாதீர்கள். எப்போது, எங்கே, பிள்ளைகளோடு எப்படி என்பது அவர் கணக்கு, அவசரத்தில் கிளம்புவதில் ஆபத்தும் உண்டு.

6. கை வைக்கக் கூடாத இடங்கள்

மருந்து. "இந்த பிரஷர் மாத்திரையை நிறுத்திட்டு வெந்தயம் சாப்பிட்டா போதும்னு சொல்றாங்களே" என்று கேட்டால் பதில் ஒன்றுதான்: டாக்டரைக் கேட்காமல் ஒரு வேளைகூட நிறுத்தாதீர்கள். பக்கத்து வீட்டுக்காரருக்குக் கேட்டது இவருக்குக் கேட்கும் என்று எந்த உறுதியும் இல்லை. ஆனால் அவசரத்தில் வாயை மூடிக்கொண்டு இருக்காதீர்கள். வாய் ஒரு பக்கம் கோணுவது, ஒரு கையைத் தூக்க முடியாமல் போவது, பேச்சு குழறுவது, இதில் ஒன்று திடீரென்று வந்தாலும் அது பக்கவாதமாக இருக்கலாம். "படுத்து எந்திரிச்சா சரியாயிடும்" என்று யாராவது சொன்னால் குறுக்கே புகுந்து 108-ஐக் கூப்பிடுங்கள். அறிகுறி ஆரம்பித்த நேரத்திலிருந்து நான்கரை மணி நேரத்துக்குள் அடைப்பைக் கரைக்கும் ஊசியைப் போட வேண்டும், ஆகவே எத்தனை மணிக்கு ஆரம்பித்தது என்பதைக் குறித்துக் கையில் கொடுத்து அனுப்புங்கள்.

ஏ.டி.எம். பெரியவர் ஒருவர் கார்டை நீட்டி "தம்பி, கொஞ்சம் எடுத்துக் குடுப்பா" என்பார். எத்தனை பாவமாக இருந்தாலும் கார்டை உங்கள் கையில் வாங்காதீர்கள், பின் நம்பரைச் சொல்ல விடாதீர்கள். உதவி செய்கிறேன் என்று வாங்கி வேறு கார்டை மாற்றிக் கொடுத்து ஏமாற்றும் ஆட்கள் இருப்பதால், நல்லவர் வாங்கினாலும் அந்தப் பெரியவருக்கு அது தவறான பழக்கமாகிவிடும். பக்கத்தில் நின்று திரையில் வருவதை உரக்கப் படியுங்கள், எந்தப் பொத்தான் என்று காட்டுங்கள், பின் நம்பர் போடும்போது திரும்பிக்கொள்ளுங்கள். "ஐயா, யார் கேட்டாலும் கார்டைக் கையில குடுக்காதீங்க, எங்கிட்டயும்தான்" என்று சொல்லிவிட்டு உதவுங்கள். வங்கியில் சலான் நிரப்பித் தரச் சொன்னாலும் தாராளமாக நிரப்புங்கள், ஆனால் தொகையை எழுத்தால் எழுதியதும் அவருக்கு ஒரு முறை வாசித்துக் காட்டிவிட்டுக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள்.

ஓ.டி.பி., ஆதார் நகல், பத்திரம், எதையும் "குடுங்க, பாத்து சொல்றேன்" என்று வீட்டுக்கு எடுத்துப் போகாதீர்கள், போட்டோ எடுக்காதீர்கள். அங்கேயே பார்த்து அங்கேயே திருப்பிக் கொடுங்கள்.

7. சரியான கதவைக் காட்டுங்கள்

நம்மால் முடியாத இடத்தில் "ஒரு நல்ல வக்கீலைப் பாருங்க" என்று பொதுவாகச் சொல்வது பாதி வழியில் இறக்கிவிடுவது மாதிரி. எங்கே போவது, என்ன கொண்டுபோவது, எவ்வளவு ஆகும், இந்த மூன்றும் சேர்ந்தால்தான் அவர் காலை எடுத்து வைப்பார். உதாரணமாக, வக்கீலுக்குக் கொடுக்கப் பணமில்லை என்பவரிடம் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்தைச் சொல்லுங்கள். 1987 சட்டப்படி பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழிற்சாலைத் தொழிலாளர்கள் ஆகியோருக்கு வருமானத்தைப் பார்க்காமல் இலவசமாக வக்கீல் வைத்துத் தருவார்கள், மற்றவர்களுக்கு வருமான வரம்பு உண்டு. போனில் என்றால் 15100.

ஆன்லைனில் பணம் போய்விட்டது என்று யாராவது பதறினால் ஆறுதலுக்கும் அறிவுரைக்கும் முன்னால் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அடிக்க வையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் போன பணத்தை நடுவில் முடக்க வாய்ப்பு. "சி.பி.ஐ.யில் இருந்து பேசுறோம், வீடியோ காலிலேயே அரெஸ்ட்" என்று யாரோ மிரட்டுவதாகச் சொன்னால், அப்படி ஒரு கைது இந்தியச் சட்டத்தில் கிடையவே கிடையாது என்று அழுத்திச் சொல்லி அழைப்பைத் துண்டிக்கச் சொல்லுங்கள். பணம் வருவதற்கு யாரும் பின் நம்பர் போட வேண்டியதில்லை என்பதையும் கூடவே.

பேச்சில் "இருந்து என்ன பிரயோஜனம்" என்கிற மாதிரி வார்த்தை விழுந்தால் அதைக் கடந்து போகாதீர்கள். "சாகணும்னு தோணுதா?" என்று மெதுவாக, நேராகவே கேட்கலாம், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஆமாம் என்றால் தனியாக விடாமல், வீட்டில் ஒருவருக்குப் போன் போட வைத்து, 14416 டெலி மானஸ் மனநல உதவி எண்ணுக்கு அங்கேயே பேச வையுங்கள். இலவசம், இரவு பகல் எந்நேரமும், தமிழிலேயே பேசலாம்.

எண்ணை வாயால் சொன்னால் மறந்துவிடும். டிக்கெட் பின்பக்கத்திலோ மருந்துச் சீட்டின் ஓரத்திலோ எழுதிக் கொடுங்கள், எதற்கான எண் என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள்.

8. சொன்னதும் விட்டுவிடுங்கள்

ஒரு முறை தெளிவாகச் சொன்ன பிறகு அவர் "இல்லைங்க, நான் ஜாமீன் போட்டுக் குடுத்துடலாம்னுதான் நினைக்கிறேன்" என்றால் அது அவர் முடிவு. மறுபடி மறுபடி அதையே சொன்னால் அவர் நம் வாயை மூடத் தலையாட்டுவாரே தவிர மாற மாட்டார். அதற்குப் பதிலாக அவர் எடுத்த முடிவிலேயே சேதம் குறைய ஏதாவது சொல்லலாம்: "சரி, போடுறதுன்னா லோன் பேப்பர் எல்லாத்துலயும் ஒரு காப்பி வாங்கி வச்சுக்கோங்க, மாசாமாசம் தவணை கட்டின மெசேஜை அனுப்பச் சொல்லுங்க."

போன் நம்பர் கேட்டால் கொடுப்பதும் கொடுக்காததும் உங்கள் விருப்பம். கொடுத்தால் அவர் கூப்பிடும்போது எடுக்க வேண்டும், அதற்கு முடியாதென்றால் இப்போதே "நம்பர் வேண்டாங்க, நான் சொன்ன ஆபீஸ்ல கேட்டா என்னைவிட நல்லாச் சொல்வாங்க" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிடலாம். பெண்கள் இதில் கூச்சமே பட வேண்டாம். அவர் சொன்ன கதையை வீட்டில் போய்ச் சொல்ல நேர்ந்தாலும் ஊர் பெயர், ஆபீஸ் பெயர், எந்த ரயில் என்பதையெல்லாம் விட்டுவிட்டுச் சொல்லுங்கள், நம் ஊரில் யாருக்கு யார் சொந்தம் என்று தெரியாது.

அதே ஆளை மறுபடி எங்காவது பார்த்தால் "நான் சொன்னேனே, கேட்டீங்களா?" என்று ஆரம்பிக்காதீர்கள். "எப்படி இருக்கீங்க?" என்று கேளுங்கள், சொல்ல வேண்டும் என்று தோன்றினால் அவரே சொல்வார்.